பூமணியின் வீட்டுக்கு வராத கந்தோர்

ஒரு பொய் சொன்னேன். ஒரேயொரு வாக்கியம். அதைச் சொல்லி, பனிச்சங்கேணிக்குப் போகவேண்டிய அரசாங்க அலுவலகம் ஒன்றை மட்டக்களப்பு நகரத்தில் என் மகளின் சீதன வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன்.

இதற்காக எவரும் என்னை விசாரித்ததில்லை. கணக்காய்வாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஓய்வுபெற்ற நாளில் எனக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். அப்பழுக்கற்ற சேவை என்று ஒருவர் பேசினார். நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்!

எனக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. கையும் நடுங்கவில்லை. ஆகவே இதை முதுமையின் தடுமாற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். அழுது உங்கள் மனத்தை இளக்கவும் நான் வரவில்லை. செய்ததைச் செய்தபடி சொல்கிறேன். எடை போடுவது உங்கள் பாடு.

நான் குருக்கள்மடத்தில் பிறந்தவன். பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்று, திணைக்களம் ஒன்றின் மாவட்ட நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்ந்தவன். திணைக்களத்தின் பெயர் வேண்டாம். குற்றம் அதனுடையது அல்ல.

அலுவலகங்களுக்கு இடம் பார்ப்பது என் பொறுப்புகளில் ஒன்று. இது என்ன பெரிய வேலை என்று கேட்பீர்கள்... பெரிய வேலைதான். அரசாங்கம் சொந்தமாக ஒரு கட்டடம் கட்டுவதென்றால் திறைசேரியிடம் மன்றாட வேண்டும். இந்த ஆண்டு இல்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று பதில் வரும். வாடகை அப்படியல்ல. அது மின்சாரக் கட்டணம்போல ஆண்டுதோறும் வந்துபோகும் செலவு, கேட்டால் கிடைத்துவிடும். ஆகவே கட்டுவதற்குப் பணம் இல்லை, வாடகைக்குப் பணம் உண்டு என்ற நிலையில் எங்கள் அலுவலகங்கள் காலம் தள்ளின. ஒரு தலைமுறைக்குக் கொடுத்த வாடகையில் மாடி வைத்தே கட்டியிருக்கலாம். எல்லோருக்கும் அது தெரியும். கட்டியவர் எவருமில்லை.

அதனால் மனிதர் குடியிருக்கக் கட்டிய வீடுகளில் அரசாங்கம் குடியிருந்தது. படுக்கையறையில் கணக்காளர், சமையலறையில் காகிதக் கோவைகள், குளியலறையில் பழுதான தட்டச்சுப் பொறிகள். முன் மண்டபத்தில் நீள வாங்குகளில் உட்கார்ந்தபடி பொதுமக்கள்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். ஒரு வீட்டின் படலையைத் திறந்து உள்ளே போய் வெளியே வருவதற்குள் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிடும். அதிகாரி எங்கே இருப்பார், சனம் எந்த வாசலால் வந்து எந்த வாசலால் போகும், மாரிக்கு எந்தச் சுவர் ஈரம் உறிஞ்சும், கறையான் எந்த மூலையால் ஏறும்... வேறு மாவட்டத்து உத்தியோகத்தர்களும் என்னிடம் யோசனை கேட்பார்கள். பெருமை பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். பேசுகிறேன்தான்! ஏனென்றால் நான் பலவீனத்தால் தவறியவன் அல்ல. என் திறமையைக் கொண்டு தவறு செய்தவன்.

நீங்கள் வேறு ஊரவராக இருந்தால் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. தாயின் வழியில் மகளுக்குப் போகும். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிபோவான். வீடில்லாமல் கலியாணப் பேச்சில்லை. ஆகவே பெண்பிள்ளையைப் பெற்றவர்கள், அந்தப் பிள்ளை நடக்கப் பழகும்போதே அத்திவாரத்துக்குக் கல் கொண்டுவந்து பறிப்பார்கள்.

கட்டி முடித்த சீதன வீட்டைக் கலியாணம் வரைக்கும் பூட்டி வைப்பார்கள். வாடகைக்கு விட மனம் வராது. வேறொருத்தி அடுப்பு மூட்டிய வீட்டிலா எங்கள் பிள்ளை வந்து பால் காய்ச்சுவது என்பார்கள். இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று. அரசாங்க அலுவலகம்! அங்கே அடுப்பு எரியாது. எவரும் அதற்குள் பிறப்பதில்லை, சாவதில்லை. பின்னேரமானால் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வாடகையும் தவறாது. எனவே பெண்ணைப் பெற்றவர்கள் என்னைத் தேடி வருவார்கள். "எங்கட புள்ளைர வீட்ட ஒருக்கா வந்து பாருங்க சேர்" என்பார்கள். அந்த ஆசையின் கனம் எனக்குத் தெரியும். தெரியாமல் எதையும் நான் செய்யவில்லை.

யுத்தம் ஓய்ந்து சில காலத்தில் வாகரைப் பக்கத்து மக்களுக்கென ஓர் உப அலுவலகம் திறக்க அனுமதி வந்தது. உதவித்தொகை, இழப்பீடு, வாழ்வாதாரம் எல்லாவற்றுக்கும் அந்தச் சனம் அதுவரை நகரத்துக்கு வந்துபோனது. முதல் பஸ்ஸில் ஏறினால் கடைசிப் பஸ்ஸில் திரும்பலாம். வந்த நாளில் உரிய அதிகாரி லீவு என்றால், வந்த வழியே போகவேண்டியதுதான். இந்த அலைச்சலை நிறுத்தத்தான் வாடகைப் பணம் ஒதுக்கினார்கள். இடம் தேடி நான் போனேன்.

வாகரைக்குக் கிட்ட, பனிச்சங்கேணியில் பிரதான வீதியோரம் ஒரு வீடு கண்ணில் பட்டது. மேட்டு நிலம். வெள்ளை பூசிய புதுச் சுவர்கள். பூமணி என்ற பெண்ணின் வீடு அது. சுனாமியில் கணவனை இழந்தவள். கருவாடு போட்டு விற்று, கிடைத்த உதவிகளையும் சேர்த்து, ஒரே மகள் சுகந்திக்காகக் கட்டியிருந்தாள். சுகந்திக்கு வாகரையில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. படகு எஞ்சின் திருத்துகிற பையன். தாயும் மகளும் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை; பின்னால் ஒரு குடிசையில் இருந்தார்கள். கலியாணத்தன்று திறக்க வேண்டிய வீடல்லவா!

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் பூமணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கந்தோரா? எங்கட வீட்டிலயா ஐயா?"

கந்தோர் என்பது அலுவலகத்துக்கு எங்கள் சனம் வழங்கும் பெயர்.

"சனத்துக்கு எவ்வளவு ஆறுதல் ஐயா! மறுகா, கலியாணத்த ஒரு வருசம் தள்ளி வைச்சா என்ன, வாற வாடகையில புள்ளைக்கு நகையும் செய்யலாம்" என்று தனக்குத்தானே கணக்குப் பார்த்தாள்.

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மண்டபம் சிறிது. அதற்கும் பக்கத்து அறைக்கும் இடையில் உள்ள சுவரை எடுத்துவிட்டால் சனம் இருக்க இடம் வரும் என்றேன். சமையலறையில் கட்டியிருந்த அடுப்புத் திட்டையும் உடைக்க வேண்டும். அங்கே கோவைகளுக்குத் தட்டு அடிக்கலாம்.

கதவு நிலையில் சாய்ந்து நின்ற சுகந்தி கேட்டாள்.

"கந்தோர் போகக்குள்ள சுவரும் திரும்பி வருமா ஐயா?"

"வாயப் பொத்து புள்ள! பெரிய ஆக்களோட கதைக்கிற கதையா இது?" என்று தாய் சீறினாள்.

நான் சிரித்தேன். "அரசாங்கம் எடுத்த வீட்டப் பழையபடி ஆக்கித்தான் தரும் மகள். பயப்பிடாதீங்க" என்றேன்.

அந்த நாளில் நான் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்... நம்பாவிட்டாலும் உண்மை அதுதான். அந்த வீட்டை உண்மையாகவே எனக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது, நல்ல மேட்டு நிலம் கிடைத்துவிட்டது என்று சாரதியிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

அடுத்த முறை நான் போனபோது சுவர் இருக்கவில்லை. எழுத்தில் எதுவும் வரும் முன்னரே பூமணி இடித்துவிட்டாள். ஐயா வாயால் சொன்னதே காணாதா என்றாள்.

அப்போதே நான் அவளைக் கண்டித்திருக்க வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை எதிலும் கைவைக்கக் கூடாது என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் சொல்கிறவன்தான் நான். அவளுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? என் வாய்ச்சொல் அவ்வளவு பெறுமதியானது என்று அவள் எண்ணியது எனக்கு இனித்தது. அவ்வளவுதான்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கும் ஒரு மகள். வசந்தி. அவளுக்காக நகரத்தில் என் மனைவியின் தாய்வழிக் காணியில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். காணியின் உறுதிப் பத்திரம் மனைவியின் அக்காவின் பெயரில் இருந்தது. கூரை ஏறிவிட்டது. நிலத்துக்குச் சீமெந்து போடவில்லை, கதவுகள் வரவில்லை. வசந்திக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை பொறியியலாளர். எனக்கோ ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பளத்தோடு முடிக்காவிட்டால் ஓய்வூதியத்தோடு முடிக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அரைகுறை வீட்டுக்குள் சீமெந்துப் பை ஒன்றின்மேல் தனியே இருந்தேன். காற்று வாவியிலிருந்து நேராக யன்னல் ஓட்டைகளால் வந்துபோனது. அப்போது என் கண், என்னிடம் அனுமதி கேட்காமல், தன் வேலையைத் தொடங்கியது. இந்த மண்டபத்தில் பொதுமக்கள். வலப்பக்க அறையில் பொறுப்பதிகாரி. மணமக்களுக்கென்று பெரிதாகக் கட்டிய அறையில் எழுதுவினைஞர்கள் ஆறு பேர் தாராளமாக இருக்கலாம். சமையலறையில் கோவைகள்...

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நெஞ்சு படபடத்தது என்று எழுத ஆசைதான். படபடக்கவில்லை. இவ்வளவு எளிதா என்ற வியப்புத்தான் இருந்தது!

மனைவியிடம் பொதுவாகச் சொன்னேன். அரசாங்கம் வாடகைக்குக் கேட்கும்போல் இருக்கிறது என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்தது.

"கந்தோரெண்டா நல்லதுதானே. அடுப்பெரியாது. புள்ளைர வீடு புதுசாவே கிடக்கும்" என்றாள்.

பனிச்சங்கேணியில் ஒரு வீடு சுவர் இடித்துக் காத்திருப்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் அதை அறியாமலே இறந்தாள்.

மாவட்டக் கூட்டத்தில் இடம் பற்றிய விடயம் வந்தது. பணிப்பாளர் வெளிமாவட்டத்தவர், புதிதாக வந்தவர், மரியாதை தெரிந்த மனிதர். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பனிச்சங்கேணி வீடு எப்படி? நீங்க சொல்றதுதான் எனக்கு முடிவு."

நான் சொன்னேன்:

"மாரியில அந்த வளவுக்குள்ள வெள்ளம் நிக்கும் சேர். கோவைகளக் காப்பாத்த ஏலாது."

இதுதான் அந்த வாக்கியம். மேட்டு நிலத்து வீட்டைப் பார்த்து, அதை மேடு என்று மெச்சிய அதே வாயால் சொன்னேன். குரல் தடுமாறவில்லை. எவரும் மறு கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? வீடு பார்க்கத் தெரிந்தவன் நான்தானே! அந்த நேரம் தேநீரும் பற்றிஸ் பலகாரமும் வந்தன. ஒருவர் பற்றிஸில் உறைப்புக் காணாது என்றார். பணிப்பாளர் சிரித்தார். பிறகு கேட்டார்.

"அப்ப வேற இடம்?"

"டவுனுக்குள்ள ஒரு வீடு வரும் சேர். தற்காலிகமா அங்க வைக்கலாம்."

தற்காலிகம்! அரசாங்கத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் ஆயுள் வேறெதற்கும் இல்லை.

மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. அரச மதிப்பீட்டாளர் வந்தார், வாடகையை நிர்ணயித்தார். உரிமையாளர் என் மனைவியின் அக்கா. வாடகை முற்பணத்தில் நிலம் போட்டு, தேக்கங் கதவுகளும் பூவேலை செய்த யன்னல்களும் பூட்டினேன். திறப்புவிழா அன்று எழுதுவினைஞர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பகிடியாகச் சொன்னார்.

"சேர், இது கந்தோரா, கலியாண வீடா? மணவறை மட்டுந்தான் குறையிது!"

எல்லோரும் சிரித்தார்கள். யாருடைய வீடு என்று அங்கே பாதிப்பேருக்குத் தெரியும். அதைக் குற்றமாக ஒருவரும் எண்ணவில்லை. என் சாமர்த்தியமாகவே எண்ணினார்கள். நான் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டேன்.

வாகரைச் சனம் தொடர்ந்து பஸ் ஏறியது. இப்போது அவர்களுக்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. ஆனால் அது அவர்களிடமிருந்து முன்போலவே தூரத்தில் இருந்தது. ஒரு கிழவர் எங்கள் வாசற்படியில் செருப்பைக் கழற்றி உதறிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது.

"பலகையில வாகரைக் கந்தோர் எண்டு போட்டிரிக்கி. நாங்க வாகரையில இருந்து வாகரைக்கு வாறத்துக்குத்தான் இவ்வளவு நேரம் ஐயா!"

அவருக்கும் சிரித்தேன். சிரிப்பதற்கு அந்தக் காலத்தில் எனக்குப் பஞ்சமில்லை.

பூமணியும் வந்தாள். என் மகளின் வீட்டு மண்டபத்தில், என் மகளின் யன்னலுக்குக் கீழே, வாங்கில் இருந்து காத்திருந்தாள். எனக்கு அவளை முகத்துக்கு நேரே பார்க்க முடிந்தது. முடிந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு விளங்காத விடயம்...

"எப்ப ஐயா கந்தோர் எங்கட பக்கம் வாற?"

"நான் எழுதிக்கொண்டுதான் இரிக்கன் அம்மா. மேலிடத்தில இழுக்கிறாங்க."

"மாப்பிள்ள பகுதி நெருக்குது ஐயா. சுவர் இல்லாத வீட்டில மாப்பிள்ள எங்க படுக்கிற, மடத்திலயா படுக்கிற எண்டு மாப்பிள்ளைர தாய் கேக்கிறா."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

அவள் பொறுத்தாள். கந்தோர் நிச்சயம் வரும் என்று நம்பியதால் சுவரை மீண்டும் கட்டவில்லை. கட்டினால் திரும்பவும் இடிக்க வேண்டும் அல்லவா! மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. அந்தப் பையன் கதிரவெளிப் பக்கம் சுவருள்ள ஒரு வீட்டுக்குக் குடிபோனான்.

அந்தச் செய்தியைச் சொல்லத்தான் பூமணி கடைசியாக வந்தாள். அழவில்லை. "ஐயா இனி எங்களுக்காக மேல உள்ளவங்களோட சண்டை பிடிக்கத் தேவல்ல. உங்களுக்குத்தான் வீண் கரைச்சல்" என்றாள்.

ஒரு சொல் போதும், அப்போது. ஒரே சொல்! பணிப்பாளரிடம் போய், நான் பார்த்தது பிழை, அது மேட்டு வளவு என்று சொல்லியிருக்கலாம். அலுவலகம் அங்கே போயிருக்கும். சுகந்திக்கு வேறு மாப்பிள்ளை வந்திருப்பான். எனக்கு என்ன குறைந்திருக்கும்? மதிப்பில் ஒரு துளி. வீட்டு வேலையில் ஒரு சாந்துப் பூச்சு.

சொல்லவில்லை.

வசந்தியின் கலியாணத்துக்கு முன் அலுவலகத்தை நகரத்திலேயே வேறொருவரின் வாடகை வீட்டுக்கு மாற்றினேன். பனிச்சங்கேணி பற்றி அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள்; வெள்ளம் நிற்கும் இடம் என்ற பேச்சு மட்டும் நின்றது. என் மகளின் வீட்டுக்குப் புதிதாக வர்ணம் பூசினோம். கோவைகள் கிடந்த சமையலறையைக் கழுவி, அடுப்பு வைத்து, பால் பொங்கியபோது பெண்கள் குரவையிட்டார்கள். யாரும் அடுப்பு மூட்டாத வீடு என்று சம்பந்தி பெருமைப்பட்டார். நான் வாசலில் நின்று சனத்தைக் கும்பிட்டு வரவேற்றேன்.

இன்றைக்கு அந்த வீட்டில்தான் நான் இருக்கிறேன். மனைவி போன பிறகு மகளோடு வந்துவிட்டேன். பொறுப்பதிகாரி இருந்த அறை எனக்கு. நன்றாகப் பார்க்கிறார்கள். குறையொன்றும் இல்லை.

பிறகு ஏன் இப்போது சொல்கிறேன்?

இந்த ஆண்டு வசந்தி தன் மகளுக்காக வீடு கட்டத் தொடங்கினாள். "அப்பா, நீங்க வந்து ஒருக்காப் பாருங்க. உங்களப்போல வீடு பார்க்க ஆருக்குத் தெரியும்?" என்று கூட்டிக்கொண்டு போனாள். மேசன்மார் மண்டபத்துக்கும் அறைக்கும் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு வந்திருந்தது. "எப்படி அப்பா, இந்தச் சுவர் இவ்விடத்தில வரலாமா?" என்று அவள் கேட்டாள். தலை சுற்றுகிறது என்று சொல்லி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் எவருக்கும் சொல்லாமல் வாகரை பஸ்ஸில் ஏறினேன்.

பனிச்சங்கேணியில் அந்த வீடு நின்றது. வெள்ளை மங்கிப் பாசி ஏறியிருந்தது. பூமணிக்கு முதுகு வளைந்துவிட்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"ஐயாவா! கடவுளே, ஐயாவ மறப்பனா நான்? சுகந்தி, ஆரு வந்திரிக்கார் எண்டு பாரு! எங்களுக்காக அந்த நேரம் எவ்வளவு பாடுபட்ட மனிசன்! மேல இருந்த பாவியள் விடல்ல..."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நண்டு கிடக்கிறது, சாப்பிடாமல் போக விடமாட்டேன் என்று சொல்லிப் பின்னால் இருந்த குசினிக் கொட்டிலுக்குப் போனாள்.

உள்ளே சுவர் வரவேயில்லை. அது நின்ற இடத்தில் நிலத்தில் ஒரு தடம் ஓடியது. அதன்மேல் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மண்டபத்தில் தையல் இயந்திரங்கள் இரண்டு. ஒன்றில் சுகந்தி இருந்து பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கழுத்தில் தாலி இல்லை.

"இருங்க" என்று கதிரையைக் காட்டினாள். இயந்திரத்தை நிறுத்தவில்லை.

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். நான் சொன்ன பொய்யை, என் மகளின் வீட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். பேசப் பழகிய வாய், சொல் தடையில்லாமல் வந்தது. சொல்லி முடிக்கும்போது அவள் ஒரு சட்டைக் கையை முழுதாகத் தைத்திருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"அம்மாட உதவிக் காசு அலுவலா உங்கட கந்தோருக்கு நான் ஒருக்கா வந்தனான். நீங்க அண்டைக்கு இல்ல. வாங்கில இருந்து யன்னலையே பாத்துக்கிட்டு இருந்தன். ஒரு கந்தோருக்கு என்னத்துக்கு இவ்வளவு வடிவான யன்னல் எண்டு காவலாளியிட்டக் கேட்டன். சேர்ர மகள்ர சீதன வீடு எண்டார். பெருமையாத்தான் சொன்னார் மனிசன்."

"அம்மாவுக்கு..."

"சொல்லல்ல."

"நான் சொல்லுறன், மகள். அவவிட்டச் சொல்லத்தான் வந்தனான்."

இயந்திரம் நின்றது. அன்றைக்கு முதன்முதலாக அவள் என்னை நேரே பார்த்தாள்.

"சொன்னா என்ன நடக்குமெண்டு நினைக்கீங்க? அம்மா உங்கள ஏச மாட்டா. தன்னத்தான் ஏசுவா. அந்தச் சுவருக்கு முதல் அடி அலவாங்கால அவதான் அடிச்சவ. இந்த ஊரில இவ்வளவு வீடு கிடக்க ஐயா எங்கட வீட்டத்தானே தெரிஞ்செடுத்தவர் எண்டு இண்டைக்கும் ஆக்களுக்குச் சொல்லிக்கிட்டுத் திரியிறா. அவவுக்கு மிஞ்சினது அதுதான். அதையும் எடுத்துக்கிட்டா போகப்போறீங்க?"

"நீங்களாவது என்னை ஏசுங்க."

"ஏசினா உங்களுக்கு ஆறுதல்."

துணியைத் திருப்பி ஊசிக்குக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அப்ப கந்தோர் வைக்க இடம் கேட்டு வந்தீங்க. இப்ப மனசில கிடக்கிறத இறக்கி வைக்க இடம் கேட்டு வந்திரிக்கீங்க. ஒவ்வொரு தரமும் எங்கட வீடுதானா ஐயா உங்களுக்குக் கிடைக்கிற?"

அவள் சொன்னது சரி. அதனால்தான் பூமணியிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவும் ஓர் இடம் பிடித்தல்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும்... சொல்லுங்கள். மறுக்க மாட்டேன். வசந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் வீட்டில் இருந்துகொண்டு, அவள் காலடி நிலம் எதனால் போட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாதிருப்பது அவளுக்காகவா, எனக்காகவா? எனக்காகத்தான். அதிலும் எனக்குக் குழப்பமில்லை.

பூமணி சாப்பாடு கொண்டுவந்தாள். பெரிய கோப்பையில் சோறும் நண்டுக் கறியும். சேலைத் திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு, ஸ்டூல் ஒன்றைத் துடைத்து வைத்தாள். நான் கை கழுவத் தண்ணீர் வார்த்தாள்.

சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். இறங்கியது. நல்ல கறி.

"ஐயா கூச்சப்படுறார்" என்று பூமணி மகளைப் பார்த்துச் சொன்னாள். "உறைச்சிட்டோ தெரியா. இன்னும் கொஞ்சம் போடட்டா ஐயா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போடுங்கம்மா" என்றாள் சுகந்தி, தையலிலிருந்து தலை நிமிராமல். "கேட்டா இல்லையெண்டு சொல்ற ஆக்களா நாங்க?"

பூமணி அகப்பையோடு குனிந்து நின்றாள். நான் கோப்பையை நீட்டினேன்.